அறுபத்துமூன்றாவது கண்மாய்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் வந்த கடிதங்களில் பாதி சோலைச்சாமியைத் திட்டி வந்தவை. “பெத்த மகளை இப்படியா மாட்டிவிடுவாரு மனுசன்?” என்று சாத்தூர் வாசகி ஒருவர் கொதித்திருக்கிறார். எனக்கும் அவர்மேல் கோபம்தான். இருந்தாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே, நடந்ததை ஒருதரம் சொல்லிவிடுகிறேன்.

மகள் அழகுமீனா விலங்கியல் முதுகலை முடித்து, ஒரு கல்லூரியின் ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்தபோது, “மீன் சம்பந்தப்பட்ட வேலைப்பா” என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். மீதியைச் சோலைச்சாமி தானே நிரப்பிக்கொண்டார். மறுநாள் டீக்கடையில் அவள் மீன்வளத்துறை ஊழியர். மறுமாதமே அதிகாரி.

உண்மையில் அது தற்காலிக வேலை. விருதுநகர் மாவட்டத்துக் கண்மாய்களில் இறங்கி, நம் நாட்டு மீன்களில் எது இருக்கிறது, எது காணாமல் போனது என்று எண்ணி எழுதுவது. இரண்டு வருஷத்தில் அறுபத்திரண்டு கண்மாய் பார்த்துவிட்டாள். இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு வேலை முடிகிறது. வீட்டில் இது தம்பி விக்னேஷ்வரனுக்கு மட்டும்தான் தெரியும்.

தெரிந்தும் அந்தப் பயல் செய்த காரியத்தைப் பாருங்கள். சிவகாசியில் அச்சகத்தில் வேலை. கம்பி மத்தாப்புப் பெட்டி லேபிள் ஓடிய ஷீட்டின் ஓரத்தில் கொஞ்சம் இடம் சும்மா கிடந்ததாம். அப்பா எழுதிக் கொடுத்ததை அதில் சேர்த்து, லேபிளுக்குப் போட்ட அதே தங்க மையில் இரண்டாயிரம் நோட்டீஸ் அடித்துக் கொண்டுவந்துவிட்டான். “மாபெரும் மீன்பிடித் திருவிழா. வெள்ளைத் துண்டு வீசித் தொடங்கி வைப்பவர்: மீன்வளத்துறை அதிகாரி செல்வி சோ. அழகுமீனா.”

“ஏன்லே, உனக்குத்தான் தெரியும்ல?” என்று அக்கா கத்தியதற்கு அவன் சொன்ன பதில்: “பார்ட்டி குடுத்த மேட்டர்ல கை வைக்கக் கூடாதுக்கா. பிரஸ்ல அதுதான் முதல் பாடம்.”

எம். புதுப்பட்டி வரைக்கும் நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. இதோ, திருவிழா வைத்த புதன்கிழமையும் வந்துவிட்டது.

* * *

காலை ஐந்து மணிக்கே அழகுமீனா கண்மாய்க்குள் இருந்தாள்.

ஆமத்தூர்ப் பக்கம் இருக்கிற தன் ஊர்க் கண்மாயை அவள் கடைசிக்கு விட்டு வைத்திருந்தாள். வீட்டுக்கு எதிரே கிடப்பதுதானே, எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்ற மெத்தனம். திருவிழாவில் ஐயாயிரம் பேர் இறங்கிக் கலக்கிவிட்டால் எண்ண ஒன்றும் மிஞ்சாது என்பது முந்தின நாள்தான் உறைத்தது.

கோடையில் தண்ணீர் வற்றி முழங்கால் அளவுக்கு வந்திருந்தது. மடைக்கு முன்னால் இருக்கும் குழியில் மட்டும் இடுப்பளவு நின்றது. அங்கே கைவலையை விட்டு அலசி எடுத்தாள். கட்டைவிரல் நீளத்தில் ஏழு பொடிக் கெண்டை விழுந்திருந்தன. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள்.

செவுளிலிருந்து வால் வரை இரண்டு கறுப்புக் கோடு. வாலடியில் ஒரு செம்புள்ளி.

ஆத்தாடி! இது என் பட்டியலிலேயே இல்லையே!

செதிலை எண்ணினாள். தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடியும் எண்ணினாள். அறுபத்திரண்டு கண்மாயில் எழுபது வகைக்குக் கிட்டப் பார்த்தவள் அவள். இப்படி ஒன்று வலையில் விழுந்ததே இல்லை. படம் எடுத்துக்கொண்டு, ஒன்றைப் பாட்டிலில் தண்ணீரோடு போட்டுக்கொண்டு, மற்ற ஆறையும் குழியிலேயே விட்டாள். கரையேறி வீடு வரைக்கும் ஓட்டமாக ஓடினாள்.

“ஏத்தா, இதென்ன கோலம்?” அடுப்படியில் மல்லி வறுத்துக்கொண்டிருந்த அம்மா சண்முகத்தாய் பதறினாள். “ஆறரைக்கு வெள்ளை வீசணும். பட்டுச் சேலையை எடுத்து வச்சிருக்கேன், போயி குளி.”

“அம்மா, எட்டு மணிக்கெல்லாம் நான் வீட்டுல இருக்கணும். ஒம்போதுக்கு போன்ல இன்டர்வியூ.”

“கையில இருக்குற கவர்மெண்டு வேலையை விட்டுட்டு இது எதுக்குடி?”

அழகுமீனா மீன் பாட்டிலை மாடத்தில் பத்திரமாக வைத்தாள். என்ன சொல்வாள், பாவம்? இன்டர்வியூ வைப்பது நன்னீர் உயிர்களைக் காக்கிற உலக அமைப்பு ஒன்று. மூன்று வருஷ ஆராய்ச்சிப் பணி. ஆறு, ஏரி, குளம் என்று எங்கெங்கே எந்த உயிர் அழிந்துகொண்டிருக்கிறது என்று தேடிப் போகிற வேலை. விண்ணப்பம் போட்டவர்கள் நானூறு பேர், கடைசியில் நிற்பவர்கள் நாலு பேர். அந்த நாலில் ஒருத்தி நம் அழகுமீனா. இது கை நழுவினால் ஒன்றாம் தேதியிலிருந்து அவள் வேலையில்லாதவள்.

“சொல்லுடி. எந்த ஊர்ல வேலை?”

“அதெல்லாம் இன்னும் சொல்லலைம்மா.”

“மதுரையைத் தாண்டுச்சுன்னா என்கிட்ட வராத. நான் ஒத்துக்கிட மாட்டேன்.”

* * *

கண்மாய்க் கரையில் எள் போட்டால் எள் விழாது. பட்டாசு ஆலைக்கு லீவு போட்டவர்கள், கரிசல் காட்டு வேலையைத் தள்ளி வைத்தவர்கள், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டதுகள் எல்லாரும் வந்தாயிற்று. கையில் வலை, கொசுவலை, அமுக்கிப் பிடிக்கிற மூங்கில் ஊத்தா. ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. வெள்ளை வீசுகிற வரைக்கும் வைக்கக் கூடாது. அதுதான் முறை.

முறையில் இன்னொன்றும் உண்டு. நோட்டீஸ் கொடுத்து அழைத்த வெளியூர்க்காரர்கள் வந்து சேராமல் வெள்ளை வீசக் கூடாது. எம். புதுப்பட்டியிலிருந்து கிளம்பிய லாரி டயர் வெடித்து வழியில் நின்றுவிட்டது.

ஏழு ஆயிற்று. எட்டு ஆயிற்று. பட்டுச் சேலையும் கையில் வெள்ளைத் துண்டுமாக அழகுமீனா வெயிலில் நின்றாள். நாட்டாமை சுந்தரபாண்டி காலையிலேயே மாலை போட்டு, துண்டை அவள் கையில் கொடுத்திருந்தார். பக்கத்தில் சோலைச்சாமிக்கு முகமெல்லாம் பல். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “நம்ம மகதான், அதிகாரி” என்று அறிமுகம் வேறு.

எட்டே முக்காலுக்குப் புதுப்பட்டி லாரி வந்தது. ஆட்கள் விசிலடித்துக்கொண்டு குதித்தார்கள்.

“இனிமே வீட்டுக்குப் போக நேரமில்லைலே.” அழகுமீனா தம்பியிடம் போனைக் கொடுத்தாள். “இங்கனயே பேசிக்கிடுறேன். லிங்க் போட்டிருக்கேன், அவுக கூப்பிட்டா எங்கிட்ட குடு.”

பிறகு அப்பாவைத் தனியாக இழுத்தாள். “அப்பா, மடைக்குழியில ஒரு மீன் இருக்கு. பொடி மீனு, குழம்புக்கு ஆகாது. ஆனா நான் வேற எங்கனயும் பார்த்ததில்லை. இவ்வளவு பேரும் இறங்கினா பத்து நிமிசத்துல அது காலி. அந்தக் குழியை மட்டும் விட்டுரச் சொல்லணும்ப்பா.”

“இதுக்கா இம்புட்டு யோசனை? மைக்கைப் பிடி. அரசாங்க உத்தரவு, மடைக்குழியில இறங்கினா அபராதம்னு ஒரே போடு. அதிகாரி சொன்னா எவன் மறுப்பான்?”

யோசித்துப் பாருங்கள். ஒரே ஒரு பொய். அதுவும் அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்ட பொய், நோட்டீசில் தங்க மையில் அச்சாகிவிட்ட பொய். சொன்னால் மீன் பிழைக்கும். அழகுமீனா மைக்கை வாங்கினாள். அவளுக்குச் சத்தியமாக அந்தப் பொய்யைச் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது.

“எல்லாருக்கும் வணக்கம். நான் சோலைச்சாமி மக. நோட்டீசுல போட்டிருக்கறது தப்பு. நான் அதிகாரி இல்லை.”

கரையில் நாலைந்து பேர் மடியிலிருந்து நோட்டீசை எடுத்துப் பிரித்தார்கள்.

“கவர்மெண்டு வேலையும் இல்லை. கண்மாய் கண்மாயா மீனை எண்ணுற வேலை பார்க்கேன். அதுவும் இந்த மாசத்தோட முடியுது. எங்க அப்பா மேல தப்பில்லை. நான்தான் வெளங்கச் சொல்லலை.”

சோலைச்சாமியின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. எங்கிருந்தோ ஒரு ஊளைச் சத்தம் வந்தது. “அப்ப எதுக்குய்யா இந்தப் பிள்ளைக்கு மாலை?” என்று ஒருவர் கத்தினார். நாட்டாமைக்குக் கோபத்தில் மீசை துடித்தது.

“அந்தத் துண்டைக் குடு தாயி. அதிகாரின்னுதான் ஊரு உனக்குக் குடுத்தது.”

அழகுமீனாவும் துண்டை நீட்டிவிட்டாள். அப்போது புதுப்பட்டிக் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பட்டாசு ஆலையில் இருபது வருஷம் திரி வெட்டிக் காய்த்துப்போன கையோடு, இடுப்பில் ஊத்தாவை இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள் முத்துமாரி.

“ஏ நாட்டாமை! என்ன முறை தெரியாத ஆளா இருக்கீக? கைக்குப் போன துண்டைத் திரும்ப வாங்கினா மறு வருசம் கண்மாய் பெருகாது. எங்க ஊர்ல அப்படி வாங்கிட்டுத்தான் ரெண்டு வருசம் சேத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தோம். உங்களுக்கும் அந்தக் கதி வேணுமா?”

நாட்டாமையின் கை பாதியில் நின்றுவிட்டது. கூட்டத்தில் தலைகள் ஆடின. கண்மாய் விஷயத்தில் விளையாடுகிற ஆள் அந்தக் கரையில் ஒருவர்கூட இல்லை.

அழகுமீனாவின் மூளை அந்த நேரம் பார்த்துத்தான் வேலை செய்தது. முறை என்றால் முழு முறையும்தானே?

“நாட்டாமை மாமா, வெள்ளை வீசுறவுகளுக்கு ஒரு பங்கு உண்டுல்ல?”

“உண்டு. பிடிக்கிறதுல பெரிய விராலா ஆளுக்கொண்ணு கொண்டாந்து வைப்பாக. இப்ப அதுக்கு என்ன?”

“எனக்கு விரால் வேண்டாம். ஒத்தை மீன்கூட வேண்டாம். அந்த மடைக்குழிதான் என் பங்கு. அதுக்குள்ள இருக்கறது எனக்கு. மத்த கண்மாய் பூரா உங்களுக்கு.”

நாட்டாமை தாடையைச் சொறிந்தார். பெரிய விரால் அத்தனையும் ஜனங்களுக்கே மிச்சம் என்பது கூட்டத்துக்கு அதற்குள் விளங்கிவிட்டது. “குடுங்க, குடுங்க!” என்று நாலு பக்கமும் குரல் எழும்பியது. முத்துமாரி அங்கேயே நின்று சொன்னாள்: “அடுத்தவ பங்குல கை வைக்கிறவ நான் இல்லை. எங்க ஊர்க்காரவுக எவரும் அந்தப் பக்கம் வரமாட்டாக. நான் பொறுப்பு.”

“சரி தாயி. மடைக்குழி உனக்கு. வீசு!”

அழகுமீனா துண்டை உயர்த்திச் சுழற்றினாள்.

அடேயப்பா! அந்தச் சத்தத்தை நான் எப்படி எழுதுவேன்? ஐயாயிரம் பேர் ஒரே நேரத்தில் குலவையும் விசிலுமாகப் பாய்ந்தார்கள். தண்ணீர் ஆளுயரத்துக்குச் சிதறியது. வேட்டி அவிழ்ந்தவர் வேட்டியைப் பார்க்கவில்லை, செருப்பு போனவர் செருப்பைத் தேடவில்லை. முதல் நிமிஷத்திலேயே ஒருவர் கை நீள விராலைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட, அது வாலால் அவர் கன்னத்தில் ஒரு அறை விட்டது. அழகுமீனா வாய்விட்டுச் சிரித்தாள். மடைக்குழியில் ஒரு கால்கூட இறங்கவில்லை.

“அக்கா!” விக்னேஷ்வரன் போனை நெஞ்சில் அணைத்துக்கொண்டு நின்றான். “அவுக வந்துட்டாக.”

“எப்ப வந்தாக?”

“நீ மைக்கைப் பிடிச்சப்பவே வந்துட்டாக. நான் ‘ஒன் மினிட் சார்’னு சொல்லிட்டு உன்னையவே காட்டிக்கிட்டு இருந்தேன். நடுவுல அந்தக் குழி எதுக்குன்னு கேட்டாக, நீ காலையில சொன்ன புது மீனைப் பத்திச் சொல்லிட்டேன்.”

அழகுமீனா போனைப் பிடுங்கினாள். நான் அதிகாரி இல்லை, வேலை முடியப் போகிறது, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்கள்!

* * *

திரையில் இரண்டு பேர். ஆஸ்திரேலியாவிலிருந்து நரைத்த தலையோடு ஒரு பெண்மணி. பெங்களூரிலிருந்து சங்கரபாண்டியன் என்று ஒரு பேராசிரியர். அவருக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கமாம். மைக்கில் கேட்டதையெல்லாம் அந்த அம்மாவுக்கு வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்.

அந்த அம்மா எடுத்தவுடனே ஆங்கிலத்தில் கேட்டாள். “அந்தக் குழியில் இருப்பது புது இனமா?”

“தெரியாது மேடம். என் பட்டியல்ல இல்லை, அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும். மரபணுச் சோதனை பண்ணணும், பழைய பதிவையெல்லாம் தேடணும். வேற ஆத்துல இருந்து வந்து தங்கினதாக்கூட இருக்கலாம்.”

“புது இனம் என்று சொல்லியிருந்தால் எங்களுக்கு இன்னும் பிடித்திருக்குமே?”

“இருக்கும் மேடம். அதுக்காக இல்லாததைச் சொல்ல முடியாது. மைக்கைப் பிடிச்சப்ப ஒருதரம் பொய் சொல்ல ஆசைப்பட்டுட்டேன், போதும்.”

சங்கரபாண்டியன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அந்த அம்மா விடவில்லை. “புலி, யானை என்றால் ஜனங்கள் ஒதுங்கி இடம் விடுவார்கள். பெயர்கூட இல்லாத பொடி மீனுக்காக இவர்கள் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?”

அழகுமீனா போனைக் கண்மாய்ப் பக்கம் திருப்பிக் காட்டினாள். எங்கும் சேறும் ஆட்டமும். மடைக்குழித் தண்ணீர் மட்டும் அசையாமல் கிடந்தது.

“நான் மீனைப் பத்திப் பேசவே இல்லை மேடம். பங்கைப் பத்தித்தான் பேசினேன். பங்குன்னா இவுகளுக்குப் புரியும். நான் போற ஒவ்வொரு ஆத்தங்கரையிலயும் இப்படி ஒரு முறை இருக்கும். அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்ட பிறகுதான் வலையை இறக்குவேன்.”

அந்த அம்மா எதையோ எழுதினாள். இன்னும் இருபது நிமிஷம் கேள்விகள். நெட்வொர்க் இரண்டு தடவை நின்று நின்று வந்தது. முடித்துவிட்டுப் பார்த்தால் பட்டுச் சேலையில் முழங்கால் வரை சேறு.

கால் மணி நேரம் கழித்துச் சங்கரபாண்டியனே கூப்பிட்டார். இந்தத் தடவை தமிழில்.

“கடிதம் திங்கட்கிழமை வரும்மா. அதுக்கு முன்னால நான் சொல்லக் கூடாது. இருந்தாலும் சொல்றேன், பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து வைங்க. அடுத்த மாசம் பத்தாந்தேதி கம்போடியாவுல இருக்கணும். முதல் வருஷம் மீகாங் ஆறு. ரெண்டாவது வருஷம் ஆப்பிரிக்காவுல ஒரு ஏரி. மூணாவது வருஷம் உங்களுக்குப் பிடிச்ச தண்ணி எதுவோ, அங்க. சம்மதமான்னு நாளைக்குள்ள சொல்லிருங்க.”

அழகுமீனா தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். விக்னேஷ்வரனுக்குப் பாதிதான் புரிந்தது, ஆனாலும் சேர்ந்து குதித்தான். குதித்து முடித்த பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

“அப்பா எங்கலே?”

யாருக்கும் தெரியவில்லை. மைக்கில் பேசியபோது பக்கத்தில் நின்ற மனிதர், அதன் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. ஊர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேனே என்று அவளுக்கு அழுகை முட்டியது. டீக்கடையில் பார்த்தாள், இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையோடு ஓடினாள்.

சோலைச்சாமி மடைக்குழியில் நின்றார். வெள்ளைச் சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில், கையில் ஒரு கம்போடு. கொசுவலையை இழுத்துக்கொண்டு வந்த இரண்டு வாலிபர்களை மறித்து நின்றார்.

“அங்கிட்டுப் போங்கப்பா. இது எம்மக பங்கு.”

“அதிகாரியம்மா பங்கா?” என்று ஒருவன் கிண்டலாகக் கேட்டான்.

“அதிகாரி இல்லைப்பா.” சோலைச்சாமி அவனை நேராகப் பார்த்துச் சொன்னார். “அது மீனை எண்ணுற புள்ள. அறுபத்திரண்டு கண்மாய்ல இறங்கியிருக்கு. நீ எத்தனை கண்மாய்டா பார்த்திருக்க?”

வாலிபர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அழகுமீனா கரையில் நின்றபடி கத்தினாள். “அப்பா! வேலை கிடைச்சிருச்சுப்பா!”

“எண்ணுற வேலைதான?”

“அதேதான்ப்பா. ஆனா மூணு வருசம். முதல்ல கம்போடியா. கடல் தாண்டிப் போகணும். அடுத்த மாசமே.”

சோலைச்சாமி கம்பைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு குனிந்து தண்ணீருக்குள் பார்த்தார். அவர் கால் பக்கத்தில் பொடி மீன்கள் கூட்டமாக வந்து விலகிப் போயின.

“அங்கன எம்புட்டு வகை மீனு இருக்கும்?”

“ஆயிரம் வகைக்குக் கிட்ட இருக்கும்ப்பா.”

“அம்புட்டா!” கண்ணை அகல விரித்தார். “அப்ப நீ போயிரு தாயி. இந்தக் குழியில கிடக்கறதை எப்படி எண்ணுறதுன்னு மட்டும் எனக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போ. மழை வர்ற வரைக்கும் நான் எண்ணி வைக்கிறேன்.”

அழகுமீனாவால் அதற்கு மேல் கரையில் நிற்க முடியவில்லை. பட்டுச் சேலையோடு குழியில் இறங்கி அப்பாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அவரும் அழுதார். “நான்தான் உளறி வச்சேன், நீ ஏன் அழுவுற?” என்றார்.

மேலே மடைக்கல்லில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. குழம்புக்கு மீன் வாங்கிப் போக வந்த சண்முகத்தாய் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ, எவ்வளவு கேட்டாளோ, தெரியவில்லை.

“மூணு வருசமா? மதுரையைத் தாண்டக் கூடாதுன்னு சொன்னேன்ல?” என்று கேட்டுக்கொண்டே, சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, சண்முகத்தாய் குழிக்குள் இறங்கினாள்.